விமானத்தில் வந்த மருமகளும் படகில் வந்த மருமகளும்

வெளிநாட்டுப் பெண்ணையோ பையனையோ கல்யாணம் செய்து சொந்த ஊருக்கு நிரந்தரமாக அழைத்து வருவது. இதைக் கேட்டதும் பலருக்கு ஞாபகம் வருவது அமெரிக்க கிரீன் கார்டும் லண்டன் விசாவும்தான். இங்கிலாந்தில் 2024 ஏப்ரலில் இதற்கான குறைந்தபட்ச வருமான வரம்பை 18,600 பவுண்டிலிருந்து 29,000 பவுண்டாக உயர்த்தியபோது அங்கிருக்கும் தமிழர்கள் புலம்பித் தீர்த்தார்கள். நியாயமான புலம்பல்தான்.

ஆனால் இதே பிரச்சினை சென்னையிலிருந்து புறநகர் ரயிலில் போய்ச் சேரும் தூரத்திலும் இருக்கிறது. மின்சார ரயில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டியில் போய் நிற்கும். ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை, இரும்பு உருக்கும் ஆலைகள், புகை. இன்னொரு பக்கம் பெத்திக்குப்பத்தில் இலங்கைத் தமிழர் முகாம். தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் இதுவும் ஒன்று. அங்கே இருப்பவர்களும் சட்டப்படி வெளிநாட்டவர்கள்தான். அவர்களில் ஒருவரை உள்ளூர்க்காரர் கல்யாணம் செய்துகொண்டால் என்ன ஆகும்?

பதில் கொஞ்சம் வினோதமானது. கல்யாணம் ஆகும். குடித்தனம் நடக்கும். பிள்ளைகள் பிறக்கும். ஆனால் அந்த மனைவியோ கணவனோ இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கக்கூட முடியாது. ஏழு வருஷம் ஆனாலும் சரி, முப்பது வருஷம் ஆனாலும் சரி.

ஒரு வீடு, இரண்டு மருமகள்கள்

சட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கவரைப்பேட்டையில் ஒரு வீடு. இரண்டு மகன்கள், இருவரும் இந்தியக் குடிமக்கள். மூத்தவன் துபாயில் வேலை பார்த்த இடத்தில் கொழும்புத் தமிழ்ப் பெண் ஒருத்தியைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொள்கிறான். இளையவன் சிப்காட்டில் வெல்டர். அவன் பெத்திக்குப்பம் முகாமில் வளர்ந்த பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். அவள் 1988ல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 1990ல் சண்டை மீண்டும் மூண்டபோது, இரண்டு வயதில், அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து படகில் வந்தவள்.

மூத்த மருமகள் இலங்கைப் பாஸ்போர்ட்டோடு விமானத்தில் வருகிறாள். இந்தியரின் மனைவி என்பதால் 'என்ட்ரி விசா' கிடைக்கிறது. எக்ஸ் விசா என்றும் சொல்வார்கள். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இப்போது அதை ஆன்லைனிலேயே செய்யலாம். விசாவை இங்கிருந்தபடியே நீட்டித்துக்கொள்ளலாம்.

கல்யாணத்தைப் பதிவு செய்து, அந்தத் திருமணம் இரண்டு வருஷம் தொடர்ந்து நீடித்தால் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாதுகாப்பு விசாரணை உண்டு. ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. மற்றபடி ஆயுள் முழுக்க விசா கவலை இல்லை.

முழுக் குடியுரிமையே வேண்டும் என்றால் 1955ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(சி) பிரிவு இருக்கிறது. இந்தியக் குடிமகனைத் திருமணம் செய்து ஏழு ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். கடைசி 12 மாதம் தொடர்ச்சியாகவும், அதற்கு முந்தைய 8 ஆண்டுகளில் மொத்தம் 6 ஆண்டுகளும் இருந்திருந்தால் போதும். காகிதங்கள் நிறைய, அலைச்சல் நிறைய, காத்திருப்பும் நிறைய. ஆனாலும் பாதை இருக்கிறது.

இப்போது இளைய மருமகள். அதே ஏழு வருஷம், அதே பிரிவு, அதே மாதிரி கணவன். ஆனால் அந்த 5ஆம் பிரிவின் தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: விண்ணப்பிப்பவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. 2003ல் நிறைவேறி 2004 டிசம்பர் 3 முதல் அமலுக்கு வந்த திருத்தம் கொண்டுவந்த வரையறை அது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட், பயண ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் வந்த வெளிநாட்டவர் எல்லோரும் அதில் அடக்கம். குண்டுக்குப் பயந்து படகில் ஏறியவர்கள் எத்தனை பேர் பாஸ்போர்ட் எடுத்து, விசா வாங்கி வந்திருப்பார்கள்?

இரண்டு வயதுக் குழந்தை பாஸ்போர்ட் இல்லாமல் வந்தது குற்றமா, தவறா என்றெல்லாம் வரையறை கேட்பதில்லை. எப்படி வந்தாய் என்பது மட்டும்தான் கேள்வி. அதன் பிறகு அவள் இங்கே படித்தது, வேலைக்குப் போனது, கல்யாணம் செய்தது, பெற்றது, வளர்த்தது எதுவும் கணக்கில் வராது. அக்கவுண்டன்சி பாஷையில் சொன்னால் 1990ஆம் வருஷத்து ஒரே ஒரு பற்று, ஒவ்வொரு வருஷமும் தொடக்க இருப்பாக அப்படியே முன்கொண்டு வரப்படுகிறது. வரவுப் பக்கத்தில் எதை எழுதினாலும் கழிப்பதில்லை.

பிள்ளைகளுக்கும் தொடரும் கணக்கு

இது மனைவியோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பிள்ளைகளுக்கும் போகிறது.

இந்தியாவில் பிறந்தால் இந்தியர் என்ற விதி ஒருகாலத்தில் இருந்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இங்கே பிறந்தவர்களுக்கு, பெற்றோர் யாராக இருந்தாலும், அது பொருந்தும். 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட்டபோது, 2022ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த விதியைச் சுட்டிக்காட்டித்தான் அவருக்கு பாஸ்போர்ட் வழங்கச் சொன்னது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். அதே முகாமில் இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த தம்பி தங்கை யாருக்காவது இருந்தால், அகதிப் பெற்றோருக்குப் பிறந்த அவர்களுக்கு அந்த வழி கிடையாது. 1987 ஜூலை 1 முதல் விதி மாறிவிட்டது, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்.

சரி, இளைய மருமகளின் கணவன் இந்தியன்தானே, பிள்ளை தப்பித்துவிடும் என்று நினைக்கலாம். அங்கேதான் 2004 டிசம்பர் 3 மறுபடியும் வருகிறது. அந்தத் தேதி முதல் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருப்பதோடு, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கவும் கூடாது. அப்படியானால் சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால், மூத்த மருமகளின் பிள்ளை பிறப்பாலேயே இந்தியன். இளைய மருமகளின் பிள்ளை அப்படி இல்லை. ஒரே தாத்தா, ஒரே ரேஷன் அட்டை, ஒரே கூரை. அப்பாக்கள் இருவரும் இந்தியர்கள். அம்மாக்கள் இருவரும் ஒரே நாட்டில் பிறந்தவர்கள். வித்தியாசம் விமானமும் படகும்.

இந்த இடத்தில் இது 'அகதிகள் பிரச்சினை' என்ற பெட்டிக்குள் அடங்காமல் வெளியே வந்துவிடுகிறது. இங்கே இழப்பவன் ஒரு இந்தியக் குடிமகன். தன் மனைவியை, தன் பிள்ளையைத் தன் நாட்டுக்காரர்கள் என்று சொல்லும் உரிமை அவனுக்கு இல்லை. பெண்ணுக்கும் இதே கதைதான். உள்ளூர்ப் பெண் முகாம் பையனைக் கட்டிக்கொண்டாலும் விதி ஒன்றே.

"ஒரு தடவை இலங்கை போய் வரட்டுமே"

பலரும் சொல்லும் யோசனை இது. சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட் எடுத்து, இந்திய அரசின் வெளியேறும் அனுமதி வாங்கி, கொழும்பு போய், அங்கே இந்தியத் தூதரகத்தில் மனைவி விசாவுக்கு விண்ணப்பித்து, மூத்த மருமகள் மாதிரியே விமானத்தில் திரும்பி வந்தால் என்ன?

காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாருங்கள். இரண்டு வயதில் விட்டுவந்த நாட்டில் அவள் போய் யார் வீட்டில் தங்குவாள்? விசா எப்போது வரும், வருமா என்பது அதிகாரிகளின் முடிவு. இத்தனை வருஷம் விசா இல்லாமல் இருந்தவர் என்ற பதிவு அவளுடைய பெயரில் இருக்கும். பிள்ளைகளை இங்கே விட்டுப் போவதா, கூட்டிப் போவதா? அத்தனையும் தாண்டி அவள் திரும்பி வந்தாலும், அன்றுதான் அவளுடைய முதல் நாள். அதற்கு முன் இருந்த முப்பது வருஷத்துக்கும் மேலான வாழ்க்கை பூஜ்யம். ஏழு வருஷம் அங்கிருந்து தொடங்கும்.

சட்டம் தன்னை ஏமாற்றிக்கொள்ள ஒரு விமான டிக்கெட் கேட்கிறது. அந்த டிக்கெட்டால் நாட்டின் பாதுகாப்பு ஒரு அங்குலமாவது கூடுமா?

அன்றாடச் செலவு

குடியுரிமை இல்லாவிட்டால் என்ன, நிம்மதியாக இருக்கிறார்கள்தானே என்று கேட்பவர்களும் உண்டு. ஆதார் இருக்கிறது, உண்மைதான். ஆதார் இங்கே வசிப்பதற்கான அடையாளமே தவிர குடியுரிமைக்கான சான்று இல்லை. அரசு உதவித்தொகையும் வருகிறது. 2021ல் தமிழக அரசு அதைக் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என்று உயர்த்தியது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரையும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல காரியம். ஆனால் குடியுரிமை கொடுக்கும் அதிகாரம் மாநிலத்திடம் இல்லை, டெல்லியிடம் இருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்: வீடு. அந்நியச் செலாவணி விதிகளின்படி இலங்கை உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்கள் இந்தியாவில் வீடோ நிலமோ வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். வெல்டர் தம்பி கடன் வாங்கி கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்ன மனை வாங்குகிறான் என்றால், சாதாரணமாக எல்லோரும் செய்வதுபோல மனைவி பேரிலோ இருவர் பேரிலோ பத்திரம் போட முடியாது. சம்பாத்தியம் இருவருடையது, பத்திரம் ஒருவர் பேரில்.

அரசு வேலைக்குப் போக முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது. கணவனுக்கு வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை கிடைத்தால் கூடப் போக முடியாது. இதையெல்லாம் யாரும் ஒரு தலைப்புச் செய்தியாகப் போடமாட்டார்கள். ஒவ்வொன்றும் சின்னது. மொத்தமாகக் கூட்டினால் ஒரு ஆயுள்.

எதிர்க்கேள்விகள்

மறுபக்கத்தையும் கேட்போம். 2025 மே மாதம் உச்சநீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் மனு வந்தது. மனைவி, பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள், நாடு கடத்த வேண்டாம் என்பது அவர் கோரிக்கை. இந்தியா எல்லோரையும் வரவேற்றுத் தங்கவைக்க தர்ம சத்திரம் இல்லை என்ற பொருளில் நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள், மனுவும் தள்ளுபடி ஆனது. அந்த வாசகம் அப்போது எல்லா இடத்திலும் ஓடியது.

ஆனால் அந்த மனுதாரர் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்றவர். அவரையும், முகாம் பதிவேட்டில் பெயர் இருந்து, வருகைப் பதிவுக்கு வரிசையில் நின்று, கியூ பிரிவு போலீஸின் கண்காணிப்பிலேயே வளர்ந்த ஒருத்தியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பாதுகாப்பு என்ற கோணத்தில் பார்த்தால், சிப்காட் பகுதியில் வசிப்பவர்களிலேயே அரசாங்கத்துக்கு அதிகம் தெரிந்தவர்கள் இந்த முகாம்வாசிகளாகத்தான் இருப்பார்கள்.

குடியுரிமைக்காகப் பொய்க் கல்யாணம் செய்வார்கள் என்பது அடுத்த வாதம். செய்யலாம். அதைத் தடுக்கத்தானே ஏழு வருஷக் காத்திருப்பும் விசாரணையும்? மூத்த மருமகளுக்குப் போதுமான வடிகட்டி இளைய மருமகளுக்கு ஏன் போதாது?

மூன்றாவது, போர் 2009ல் முடிந்துவிட்டது, திரும்பிப் போகலாமே என்பது. போக விரும்புகிறவர்கள் போகத்தான் வேண்டும், ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு பலர் போயும் இருக்கிறார்கள். அந்த உரிமையில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் கவரைப்பேட்டையில் புருஷன், பிள்ளை, மாமியார், மாமனார் எல்லோரும் இருக்கும் பெண்ணுக்கு 'திரும்பிப் போகும்' ஊர் எது?

சட்டத்தை மீறி நுழைந்தவர்களிடம் அமெரிக்கா கறாரானது என்பது உலகத்துக்கே தெரியும். எல்லையில் சோதனை இல்லாமல் நுழைந்தவர் அமெரிக்கக் குடிமகனைக் கட்டிக்கொண்டாலும், பொதுவாக நாட்டுக்குள் இருந்தபடி கிரீன் கார்டு வாங்க முடியாது. வெளியே போக வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் அனுமதியின்றி இருந்திருந்தால் திரும்பி வரப் பத்து வருஷத் தடை. ஆனால் அங்கேயும் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள்: பிரிவால் குடிமகனான துணைக்குக் கடுமையான துன்பம் வரும் என்று நிரூபித்தால் அந்தத் தடையை நீக்கலாம். 2013 முதல், வெளியேறுவதற்கு முன்பே அதற்கு விண்ணப்பிக்கும் வசதியும் வந்தது. குடிமகனின் துன்பம் ஒரு காரணம் என்று அந்தச் சட்டம் ஒத்துக்கொள்கிறது. இங்கே அப்படி ஒரு கேள்வியே படிவத்தில் இல்லை.

டெல்லி நினைத்தால்

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. 2015 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த சிறுபான்மையினர், ஆவணம் இல்லாவிட்டாலும், பாஸ்போர்ட் விதிகளிலிருந்து விலக்குப் பெற்றார்கள். 2016ல் ஆப்கானிஸ்தான் சேர்ந்தது. 2019ல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்து, இந்த மூன்று நாடுகளின் ஆறு சமயத்தவரை 'சட்டவிரோதக் குடியேறி' என்ற பட்டியலிலிருந்தே எடுத்தது. 2024 மார்ச்சில் விதிகளும் வந்தன. அந்தச் சட்டம் சரியா தவறா என்பது தனி விவாதம். இங்கே அதிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்றுதான்: அந்த முத்திரையை அழிக்க அரசால் முடியும். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

2019 ஜூனில், இந்தச் சட்டம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 65 பேர் தொடுத்த வழக்கில் ஒரு தீர்ப்புக் கொடுத்தார். அவர்கள் இந்திய வம்சாவளியினர், இலங்கையிலிருந்து தப்பி வந்து முகாம்களில் பல்லாண்டுகள் கழித்தவர்கள். இப்படிப்பட்டவர்கள் விஷயத்தில் விதியைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு என்று சொல்லி, அவர்களின் விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர்கள் வாங்கி அனுப்பவும், 16 வாரத்தில் முடிவெடுக்கவும் உத்தரவிட்டார்.

2025 செப்டம்பரில் இன்னொரு படி. புதிய குடியேற்ற, வெளிநாட்டினர் சட்டம் அமலுக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஜெயில் பயம் போனது. பெரிய நிம்மதி, சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆணை குடியுரிமைச் சட்டத்தின் வரையறையை மாற்றவில்லை. தண்டிக்கமாட்டோம் என்பது ஒன்று, ஏற்றுக்கொள்கிறோம் என்பது வேறு.

இனி மிச்சம் இருப்பது சின்ன வேலைதான். பதிவு பெற்ற இலங்கைத் தமிழர் ஒருவர் இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ திருமணம் செய்து, அந்தத் திருமணம் பதிவாகியிருந்தால், 5(1)(சி) பிரிவுக்கு அவரைச் 'சட்டவிரோதக் குடியேறி'யாகக் கருதக் கூடாது. முகாமில் பதிவான நாளிலிருந்து அவர் இங்கே வசித்ததாகக் கணக்கு வைக்க வேண்டும். விண்ணப்பத்தோடு கேட்கும் பாஸ்போர்ட் நகலுக்கும் தங்கும் அனுமதிக்கும் பதிலாக அரசாங்கமே கொடுத்த முகாம் அடையாள அட்டையை ஏற்க வேண்டும். அவர்களுடைய பிள்ளைகளைப் பிறந்த தேதியிலிருந்தே குடிமக்களாக ஏற்க வேண்டும். மற்ற விசாரணை எல்லாம் வழக்கம்போல நடக்கட்டும்.

2021ல் தமிழக அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் 58,000க்கும் மேற்பட்டவர்கள், வெளியே பதிவு செய்து வாழ்பவர்கள் 34,000 பேர். அவர்களில் இந்தியரை மணந்தவர்கள் ஒரு பகுதிதான். எல்லோருக்குமான தீர்வு வரும்வரை இவர்கள் காத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஏனென்றால் இவர்களுக்கான பிரிவு சட்டத்தில் ஏற்கனவே இருக்கிறது. அதன் வாசலில் கிடக்கும் ஒரு கல்லை நகர்த்தினால் போதும்.

கும்மிடிப்பூண்டிக்காரர் மாவட்டத் தலைநகரமான திருவள்ளூரில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கு ரயிலில் போக வேண்டும் என்றால் வடக்கு லைனில் சென்னை வந்து, மறுபடி மேற்கு லைன் ரயில் பிடிக்க வேண்டும். ஒரு நாள் வேலை போய்விடும். அந்த ஒரு நாள் சம்பளத்தை இழந்து, கல்யாணப் பதிவுச் சான்றிதழையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, ஏழு வருஷ வரிசையின் கடைசியில் போய் நிற்க அவர்கள் தயார். வரிசையில் நிற்கவே கூடாது என்று சொல்வதைத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள்.